தின் கிளையண்ட்டில் லாகின் ஆகவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

டெல்டா மாவட்டங்களில் அரிசி ஆலை அலுவலகம், ஜவுளிக்கடை பில் கவுண்டர், கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூட ஆய்வகம், மருத்துவமனைப் பதிவு மேசை என்று பல இடங்களில் தின் கிளையண்ட் வேலை செய்கிறது. நிரல்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், சர்வர் என்ற மையக் கணினியில் ஓடும் வேலையைத் திரையில் காட்டும் சிறிய பெட்டி இது. பெரும்பாலான பெட்டிகளில் சுழலும் வட்டும் இல்லை, காற்றாடியும் இல்லை. தவிட்டுத் தூசி படியும் அறையிலும் வருஷக்கணக்கில் உழைக்கும். இழுக்கும் மின்சாரம் 10, 15 வாட்தான். ஆனால் ஒரு நாள் காலையில் லாகின் ஆகாமல் நின்றுவிட்டால் பெட்டியைத் திறந்து பார்த்துப் பயனில்லை. கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியில் இருக்கும்.

அமைப்புகளில் கை வைப்பதற்கு முன்னால் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்: 'முடியாது' என்று சொல்வது யார்? தின் கிளையண்ட்டுக்கு இரண்டு வாசல் உண்டு. வெளிவாசல் பெட்டியின் சொந்த லாகின். உள்வாசல் சர்வரின் லாகின். இரண்டுமே பெயரும் பாஸ்வேர்டும்தான் கேட்கும். வெளிவாசலில் சர்வர் பாஸ்வேர்டை அடித்துவிட்டு அரை நாள் தேடுவது அடிக்கடி நடக்கிறது. பெயர் கேட்கும் கட்டத்தைப் பெட்டியே வரைந்து, சரிபார்ப்பதை மட்டும் சர்வரிடம் விடும் முறையும் உண்டு. அதனால் திரையின் தோற்றத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

இதற்கு ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. லேன் கேபிளைக் கழற்றிவிட்டு அதே பெயரையும் பாஸ்வேர்டையும் அடியுங்கள். முன்பு வந்த அதே வாசகம் வந்தால் பேசுவது பெட்டி. வாசகம் மாறினால் முன்பு மறுத்தது சர்வர். பிறகு அதே யூசரைப் பக்கத்துப் பெட்டியில் நுழையச் சொல்லுங்கள். அங்கே நுழைந்தால் கணக்கில் பிழையில்லை, இந்தப் பெட்டியில் அல்லது இதன் கேபிளில் பிழை. அங்கேயும் நுழையவில்லை, ஆனால் வேறு யூசர் நுழைகிறார் என்றால் கணக்கில்தான் பிழை. யாருமே நுழைய முடியவில்லை என்றால் எந்தப் பெட்டியையும் தொடாமல் நேராகச் சர்வருக்கும் சுவிட்ச்சுக்கும் போங்கள்.

லேன் விளக்கே எரியவில்லை

கேபிள், கிளிப், சுவிட்ச் போர்ட் என்ற வரிசையில் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஆர்.ஜே.45 கிளிப்பின் பித்தளை நிறக் கம்பிகள் பச்சை பூத்துவிடும். துடைத்துப் போட்டால் இரண்டு நாள் ஓடி மறுபடி நிற்கும். கிளிப்பை வெட்டிவிட்டுப் புதிதாக அடித்துவிடுவதே வேலை மிச்சம். கம்பி வரிசை இரு முனையிலும் ஒன்றாக இருக்கட்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலி கட்டடத்துக்குள் வரும், கேபிளைக் கடிக்கும். எட்டுக் கம்பியில் 1, 2, 3, 6 மட்டும் பிழைத்திருந்தால் விளக்கு எரியும், ஆனால் வேகம் ஆயிரத்திலிருந்து நூறு மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். தின் கிளையண்ட்டுக்கு நூறு போதும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. அந்த கேபிள் அடுத்த மழைக்குள் முழுதாகப் போய்விடும் என்று கொண்டு இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஆலைக் கொட்டகைக்கும் அலுவலகத்துக்கும் இடையே செப்புக் கேபிள் இழுத்திருந்தால் நீளத்தை அளந்து பாருங்கள். 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மோட்டார் லைனோடு சேர்த்துக் கட்டியிருந்தால் தூரம் குறைவாக இருந்தாலும் இணைப்பு விட்டுவிட்டு அறுந்துபோகும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் இடத்தில் ஃபைபரே சரி. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மின்னல் தாக்கம் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவி முழு சுவிட்ச்சையும் கருக்காமல் இருக்கும்.

ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்குகிறது

பெட்டி டி.எச்.சி.பி.யிடம் (நெட்வொர்க்கில் முகவரி கொடுக்கும் சேவை) முகவரி கேட்டது, பதில் வரவில்லை, தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளைத் தொடாமல், பெட்டியின் நெட்வொர்க் பக்கத்தில் முகவரியைப் புதுப்பிக்கும் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். உடனே சரியான முகவரி வந்தால் காரணம் சுவிட்ச்சின் தாமதம். ஸ்பேனிங் ட்ரீ (கேபிள் வளையத்தைத் தடுக்கும் முறை) ஓடும் சுவிட்ச், ஒரு போர்ட்டில் சாதனம் உயிர்பெற்றதும் கேட்க 15 வினாடி, கற்க 15 வினாடி என்று 30 வினாடிக்குப் போக்குவரத்தை விடாது. தின் கிளையண்ட் அதற்குள் எழுந்து, கேட்டு, சலித்துவிடும். பழைய பிசி மெதுவாக எழும் என்பதால் அதில் இந்தக் குறை தெரியாது. பிசியை எடுத்துவிட்டுத் தின் கிளையண்ட் வைத்த இடங்களில் 'புதுப்பெட்டி சரியில்லை' என்ற பேச்சு வருவது இதனால்தான்.

தீர்வு சுவிட்ச்சில் இருக்கிறது. பெட்டிகள் செருகிய போர்ட்டுகளை மட்டும் காத்திருக்காமல் உடனே திறக்கும் எட்ஜ் போர்ட் ஆக்குங்கள்; சிஸ்கோவில் இதைப் போர்ட்ஃபாஸ்ட் என்பார்கள். இரண்டு சுவிட்ச்சுகளை இணைக்கும் போர்ட்டில் இதைச் செய்யாதீர்கள். வளையம் உண்டானால் முழு நெட்வொர்க்கும் திணறிவிடும்.

புதுப்பித்தும் வரவில்லை என்றால் டி.எச்.சி.பி. சர்வர் நின்றிருக்க வேண்டும், அல்லது முகவரிகள் தீர்ந்திருக்க வேண்டும். விண்டோஸ் டி.எச்.சி.பி.யில் ஒரு முகவரியின் குத்தகை இயல்பாக 8 நாள். அதே ஐ.பி. வரிசையில் வைஃபையும் ஓடினால் கடைக்கு வந்து போகிறவர்களின் போன்கள் ஆளுக்கொரு முகவரியைப் பிடித்து 8 நாளுக்கு வைத்துக்கொள்ளும். தீபாவளிக்கு முந்தைய வாரம் பில் கவுண்டர்கள் ஒவ்வொன்றாக விழுவதற்கு இது ஒரு காரணம். போன் வைஃபையைத் தனி வரிசைக்கு மாற்றுங்கள். தின் கிளையண்ட்டுகளுக்கு மேக் முகவரி (பெட்டியின் அடையாள எண்) வைத்து நிரந்தர ஒதுக்கீடு செய்யுங்கள். பெட்டி பெட்டியாகப் போய்க் கையால் ஐ.பி. அடிப்பதைவிட ஒதுக்கீடு மேல். பெட்டியை மாற்றும்போது ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

முகவரி இருக்கிறது, ஆனால் வேறு வரிசையில்

சர்வர் 192.168.10.5. பெட்டியோ 192.168.0 அல்லது 192.168.1 வரிசையில் முகவரி வாங்கியிருக்கிறது. யாரோ புதிய வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து சுவிட்ச்சில் செருகியிருக்கிறார்கள். அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது; முந்திக்கொண்டவர் பதிலைப் பெட்டி ஏற்கும். அதனால்தான் சில பெட்டி ஓடும், சில ஓடாது. மறுநாள் அது தலைகீழாகும். பெட்டி காட்டும் கேட்வே (வெளியே போகும் வழி) முகவரியைக் குறித்துக்கொண்டு, அதே வரிசையில் முகவரி வாங்கிய ஒரு பிசியின் பிரவுசரில் அடித்தால் அந்த ரூட்டரின் பக்கமே திறக்கும். வைஃபை தேவைதான் என்றால் ரூட்டரின் டி.எச்.சி.பி.யை நிறுத்தி, உங்கள் வரிசையில் ஒரு முகவரி கொடுத்து, கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள்.

முகவரி சரி, 'சர்வர் கிடைக்கவில்லை' என்கிறது

இணைப்பு அமைப்பில் சர்வரின் பெயருக்குப் பதில் ஐ.பி.யை அடித்துப் பாருங்கள். ஐ.பி.யில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால், பெயருக்கு உரிய ஐ.பி.யைச் சொல்லும் டி.என்.எஸ். தவறு. இணையம் வேகமாக வரும் என்று யாராவது டி.என்.எஸ். இடத்தில் கூகுளின் 8.8.8.8 போட்டிருப்பார்கள். வெளியுலக டி.என்.எஸ்.ஸுக்கு உங்கள் அலுவலகச் சர்வரின் பெயர் தெரியாது. இரண்டாவது டி.என்.எஸ். இடத்திலும் அதைப் போடாதீர்கள். பெட்டி சில நேரம் இரண்டாவதைக் கேட்கும், சில நேரம் முதலாவதைக் கேட்கும். விட்டுவிட்டு வரும் பிழையைப் பிடிப்பது கடினம். டி.எச்.சி.பி.யில் உள்ளூர் டி.என்.எஸ். மட்டும் இருக்கட்டும். வெளியுலகப் பெயர்களை அது கேட்டு வாங்கிக்கொள்ளும்.

ஐ.பி.யிலும் திறக்கவில்லை என்றால் அதே சுவிட்ச்சில் உள்ள ஒரு விண்டோஸ் பிசியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் (ஆர்.டி.பி.) இணைப்புக்கான போர்ட் 3389 திறந்திருக்கிறதா என்று பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையால் பாருங்கள். பிங்கை நம்பாதீர்கள். பிங் தடைபட்டும் ஆர்.டி.பி. ஓடும், பிங் வந்தும் ஆர்.டி.பி. நிற்கும். ஆர்.டி.பி.க்குப் பதில் சிட்ரிக்ஸ் என்றால் போர்ட் 1494, 2598, பி.சி.ஓவர்.ஐ.பி. என்றால் 4172.

கரண்ட் போய் வந்த பிறகே இந்தப் பிழை வருகிறது என்றால், அதற்கென்று ஒரு காரணம் உண்டு. சர்வர் யூ.பி.எஸ்.ஸில் இருக்கும், சுவிட்ச் சாதாரண லைனில் இருக்கும். கரண்ட் போனால் சர்வர் நிற்பதில்லை, சுவிட்ச் மட்டும் அணைந்து மெதுவாக எழுகிறது. அது முழுதாக எழும்வரை டொமைனை (அலுவலகக் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) காண முடியாததால் தன் நெட்வொர்க்கைப் 'பொது' என்று சர்வர் முடிவு செய்துகொள்கிறது. ஃபயர்வால் விதி டொமைனுக்கும் தனி நெட்வொர்க்குக்கும் மட்டும் திறந்திருந்தால் எல்லாப் பெட்டிக்கும் கதவு மூடிவிடும். சர்வரில் அந்த நெட்வொர்க் அட்டையை ஒருமுறை நிறுத்தி இயக்கினால் உடனே திறக்கும். நிரந்தரத் தீர்வு சுவிட்ச்சையும் அதே யூ.பி.எஸ்.ஸில் சேர்ப்பது. எட்டுப் போர்ட், பதினாறு போர்ட் சுவிட்ச் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. அதை யூ.பி.எஸ்.ஸில் சேர்க்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வீட்டு இன்வெர்ட்டரில் பெட்டிகள் ஓடினால் அதன் பின்புறம் உள்ள சிறிய சுவிட்ச் 'யூ.பி.எஸ்.' பக்கம் இருக்கிறதா பாருங்கள். சாதாரணப் பக்கத்தில் மின்சாரம் மாறும் இடைவெளி நீளம். ஃபேனுக்குத் தெரியாது, தின் கிளையண்ட் அணைந்து மறுபடி தொடங்கும்.

'பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு'

மறுப்பது சர்வர் என்று கேபிள் சோதனையில் தெரிந்த பிறகு இதைப் படியுங்கள்.

முதலில் விசைப்பலகை. யூசர் நேம் கட்டத்தில் பாஸ்வேர்டை அடித்து, யாரும் பார்க்காதபோது எழுத்துகளைச் சரிபார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். சென்னை ரிட்சி தெருவிலிருந்து வாங்கி வரும் பழைய பெட்டிகள் சில வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து வந்தவை. விசைப்பலகை பிரிட்டன் அல்லது ஜெர்மன் அமைப்பில் இருக்கும். பிரிட்டன் அமைப்பில் ஷிஃப்டுடன் 2-ஐ அழுத்தினால் அட் குறிக்குப் பதில் இரட்டை மேற்கோள் விழும். ஜெர்மன் அமைப்பில் ஒய்யும் இசட்டும் இடம் மாறும். நம் ஊரில் பாதிப் பாஸ்வேர்டுகளில் அட் குறி இருக்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாமலே தவறிக்கொண்டிருக்கும். பெட்டியின் அமைப்பில் அமெரிக்க ஆங்கிலம் என்று மாற்றிச் சேமியுங்கள். நம்லாக் அணைந்திருப்பதும் இதே தொல்லை தரும். எண்களை வலப்பக்கப் பலகையில் அடித்தே பழகிய கணக்கருக்கு இது பெரிய சோதனை.

இரண்டாவது டொமைன். பெட்டியில் டொமைன் கட்டம் காலியாக இருந்தால் சர்வர் தன் உள்ளூர்க் கணக்குகளில் தேடி 'இல்லை' என்று சொல்லலாம். டொமைன் பெயர், பின்சாய்வு, யூசர் நேம் என்று ஒரே கட்டத்தில் அடித்துப் பாருங்கள். நுழைந்துவிட்டால் இணைப்பு அமைப்பில் டொமைனை நிரந்தரமாக எழுதிவிடுங்கள். முகப்பில் இருப்பவர்கள் பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் அடித்தால் போதும் என்ற நிலையில் விடுங்கள்.

மூன்றாவது, பாஸ்வேர்டு காலாவதி. விண்டோஸ் டொமைனின் இயல்பான காலம் 42 நாள். பிசியில் 'புதியதை அடியுங்கள்' என்ற திரை வரும். நெட்வொர்க் நிலைச் சரிபார்ப்பு, அதாவது என்.எல்.ஏ. இயங்கும் சர்வரில் தின் கிளையண்ட்டுக்கு அந்தத் திரை வராது. பாஸ்வேர்டு சரிபார்க்கப்படும் கட்டத்திலேயே திருப்பி அனுப்பிவிடும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஆட்கள் மாட்டிக்கொண்டால் இதுதான். உடனடித் தீர்வு நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றித் தருவது. அப்போது 'அடுத்த லாகினில் மாற்ற வேண்டும்' என்ற கட்டத்தில் குறி போடக்கூடாது. போட்டால் மறுபடி அதே சுவரில் முட்டுவார். இதற்காக என்.எல்.ஏ.வை நிறுத்திவிடச் சொல்லும் யோசனை பலரிடம் உண்டு. வேண்டாம். லாகின் ஆகாதவர்கூடச் சர்வரின் லாகின் திரை வரை வர அது வழிவிடும். ரிமோட் டெஸ்க்டாப்பின் இணையப் பக்கம் இருந்தால் அதில் பாஸ்வேர்டு மாற்றும் வசதியைத் திறந்துவிடலாம்.

பாஸ்வேர்டு சரி, ஆனால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தால் அந்த யூசர் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவில் இல்லை. சேர்த்துவிடுங்கள். அவசரத்துக்கு நிர்வாகிகள் குழுவில் சேர்க்காதீர்கள். பிறகு எடுப்பதற்கு மறந்துபோகும்.

பிழை வாசகத்தில் கிரெட்எஸ்எஸ்பி என்ற சொல் இருந்தால் கதை வேறு. லாகின் தகவலைச் சர்வருக்குக் கொண்டுபோகும் விண்டோஸ் முறை அது. 2018 மே மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, அதில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்க, புதுப்பிக்காத பக்கத்தோடு இணைய மறுக்கும் கட்டுப்பாடு வந்தது. விண்டோஸ் தின் கிளையண்ட் பழைய இமேஜில் (பெட்டியில் ஏற்றிய மொத்த மென்பொருள் நகல்) நின்றிருந்தால் அதைப் புதுப்பிக்க வேண்டும். சர்வரின் கொள்கையைத் தளர்த்தி உள்ளே விடுவது அந்த ஓட்டையை மறுபடி திறப்பதாகும்.

கணக்கு மறுபடி மறுபடி பூட்டிக்கொள்கிறது

நிர்வாகி திறந்துவிடுகிறார், பத்து நிமிடத்தில் மறுபடி பூட்டு. யூசர் எதுவும் செய்யவில்லை என்கிறார். உண்மையாகவே செய்திருக்க மாட்டார். ஏதோ ஒரு பெட்டியில் அவருடைய பழைய பாஸ்வேர்டு சேமிக்கப்பட்டுத் தானாக இணையும் அமைப்பு போட்டிருக்கிறது. அந்தப் பெட்டி சில வினாடிக்கு ஒருமுறை முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது. டொமைன் சர்வரின் பாதுகாப்புப் பதிவில் நிகழ்வு எண் 4740-ஐத் தேடுங்கள். எந்தக் கணினியிலிருந்து பூட்டு விழுந்தது என்று பெரும்பாலும் அதிலேயே பெயர் இருக்கும். தோற்ற முயற்சிகள், பெட்டி நுழைய முயன்ற சர்வரின் பதிவில் 4625-இல் இருக்கும்.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர் இருந்தால் இந்தப் பதிவால் பயனில்லை. ஒரு பெட்டியைத் தயார் செய்து அதே இமேஜை முப்பது பெட்டிக்கு ஏற்றும்போது பெயரை மாற்ற மறந்தால் இப்படி ஆகும். பெயரில் இடம் தெரியட்டும்: 'பில்-3', 'எடைமேடை-1', 'பதிவு-2' என்பதுபோல, ஆங்கில எழுத்திலும் 15 எழுத்துக்குள்ளும். அந்தப் பெயரைப் பெட்டியின் மேலும் ஒட்டிவையுங்கள். தொலைபேசியில் கேட்டதும் சொல்ல முடியும்.

ஒருவருடைய கணக்கு மட்டும் என்றில்லாமல் பலருடையதும், குறிப்பாக நிர்வாகி கணக்கும் இரவில் பூட்டிக்கொண்டால் உடனே ரூட்டரைப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்க என்று யாராவது 3389-ஐ இணையத்துக்குத் திறந்துவிட்டிருப்பார்கள். உலகம் முழுவதிலுமிருந்து பாஸ்வேர்டு ஊகிக்கும் நிரல்கள் முட்டிக்கொண்டிருக்கும். வேறு எண்ணுக்கு மாற்றினாலும் தேடிக் கண்டுபிடித்துவிடும். மூடுங்கள், வெளியிலிருந்து வர வி.பி.என். (இணையத்துக்குள் போகும் பூட்டிய தனிவழி) மட்டும். கோப்புகள் முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல்களில் பல இந்த வழியாகவே நுழைந்திருக்கின்றன. இந்த ஒரு வேலையை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

சான்றிதழ் பிழை, அல்லது தேதி தவறு

பெட்டியின் கடிகாரத்தைப் பாருங்கள். வருஷம் பல ஆண்டு பின்னால் இருந்தால் உள்ளே உள்ள சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. சர்வரின் சான்றிதழ் 'இன்னும் நடைமுறைக்கு வரவில்லை' என்று பெட்டி நினைக்கும். புதுப் பேட்டரி 3 வோல்ட், மீட்டரில் 2.7-க்குக் கீழ் காட்டினால் மாற்றுங்கள். பேட்டரியோடு நிற்காமல் நேர அமைப்பில் என்.டி.பி. (நேரம் சொல்லும் சர்வர்) இடத்தில் உங்கள் சர்வரின் முகவரியைப் போடுங்கள், நேர மண்டலம் 5.30. வருஷம் சரியாக இருந்தும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டொமைனின் கெர்பரோஸ் சரிபார்ப்பு மறுக்கும். நேரம் சரியாக இருந்தும் சான்றிதழ் பிழை வந்தால், இணைப்பில் ஐ.பி. அடித்திருக்கிறீர்களா, சான்றிதழில் இருக்கும் பெயரையே அடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

'லைசென்ஸ்' என்ற சொல் திரையில் வருகிறது

புதிய சர்வர் நான்கு மாதம் அருமையாக ஓடி ஒரே நாளில் எல்லாப் பெட்டியையும் மறுத்தால் ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸுக்கான 120 நாள் சலுகைக் காலம் முடிந்தது. லைசென்ஸ் வாங்கியிருந்தாலும், லைசென்ஸ் சர்வர் எது, சாதனக் கணக்கா ஆள் கணக்கா என்ற இரண்டையும் சர்வரில் எழுதாமல் விட்டால் இதே முடிவுதான். நிர்வாகி வழியில் மட்டும் உள்ளே போக முடியும், போய் எழுதிவிடுங்கள்.

ஒரு பெட்டி மட்டும் மறுக்கப்பட்டால் சாதன லைசென்ஸ் தீர்ந்திருக்கிறது. கழித்துக்கட்டிய பழைய பெட்டிகள் இன்னும் பட்டியலில் இருக்கும். அவற்றைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் மொத்தத்தில் 20 சதவீதம் வரைதான். ஷிஃப்ட் முறையில் ஒரே பெட்டியில் மூன்று பேர் உட்காரும் ஆலை அலுவலகத்துக்குச் சாதன லைசென்ஸே கட்டுப்படியாகும். ஒரே ஆள் கவுண்டர், அலுவலகம், வீடு என்று மூன்று இடத்தில் திறந்தால் ஆள் லைசென்ஸ்.

லாகின் ஆகிறது, கறுப்புத் திரையில் நிற்கிறது

தலைமை அலுவலகம் தஞ்சாவூரில், கிளை திருத்துறைப்பூண்டியில், நடுவில் வி.பி.என். பாஸ்வேர்டு வரை எல்லாம் சரி, பிறகு கறுப்பு. தலைமை அலுவலகத்துக்குள் ஓடும் பெட்டி கிளையில் மட்டும் இப்படி நின்றால் நெட்வொர்க்கில் போகும் தகவல் பொட்டலத்தின் அளவுதான் சிக்கல். லாகின் தகவல் சிறியது, புகுந்துவிடும். திரையின் படம் பெரியது, வழியில் மாட்டிக்கொள்ளும்.

கிளையில் உள்ள ஒரு விண்டோஸ் பிசியில் பிங் கட்டளையில், உடைக்காதே என்று சொல்லும் கழித்தல் எஃப், அளவைச் சொல்லும் கழித்தல் எல், 1472, பிறகு சர்வர் முகவரி என்று அடியுங்கள். 1472-உடன் தலைப்பு 28 சேர்ந்து 1500. 'உடைக்க வேண்டும்' என்று பதில் வந்தால் எண்ணைப் பத்துப் பத்தாகக் குறைத்து, பதில் வரும் முதல் எண்ணைப் பிடியுங்கள். அதோடு 28-ஐக் கூட்டினால் உங்கள் பாதையில் போகக்கூடிய பொட்டலத்தின் அளவு; ரூட்டரில் இது எம்.டி.யு. என்று இருக்கும். பி.பி.பி.ஓ.இ. (பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும்) பிராட்பேண்டில் 1492, வி.பி.என். அதற்குள் போவதால் இன்னும் குறையும். கிடைத்த எண்ணைப் பெட்டி பெட்டியாகப் போடாமல் கிளை ரூட்டரின் வி.பி.என். அமைப்பில் ஒரே இடத்தில் போடுங்கள்.

அளவு சரியாக இருந்தும் திரை உறைந்து உறைந்து வந்தால் ஆர்.டி.பி.யின் யூ.டி.பி. வழியை நிறுத்தி டி.சி.பி. மட்டும் வைத்துப் பாருங்கள். திரைப்பின்னணிப் படம், சாளர நிழல், அசைவு எல்லாவற்றையும் இணைப்பு அமைப்பில் அணைத்துவிடலாம். பில் அடிக்க அவை தேவையில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கி எறிகிறது

திரையில் 'வேறொருவர் இணைந்ததால்' என்று வந்தால் ஒரே யூசர் நேமை இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் நுழைய மற்றவர் வெளியே போவார். ஆளுக்கொரு கணக்குதான் தீர்வு. கொள்முதல் பட்டியலும் பணக் கணக்கும் எழுதும் இடத்தில் யார் எழுதினார் என்று பின்னால் சொல்லவும் அது வேண்டும்.

வாசகம் எதுவுமில்லாமல், சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு மட்டும் அறுந்திருந்தால் வழியில் உள்ள ஃபயர்வால் சும்மா இருக்கும் இணைப்பை வெட்டுகிறது. சர்வரின் கொள்கையில் ஆர்.டி.பி. கீப் அலைவ் (இணைப்பு உயிரோடு இருப்பதைக் காட்டும் சைகை) இடைவெளியை 1 நிமிடம் என்று வையுங்கள். பெட்டியில் தானாக மறுபடி இணையும் வசதியையும் இயக்குங்கள். அறுந்த செஷனைச் சர்வர் உடனே கொன்றுவிடாமல் இரண்டு மணி நேரமாவது வைத்திருக்கட்டும். பாதி அடித்த பில் அப்படியே திரும்பக் கிடைக்கும். நாள்கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது, நினைவகம் அடைபடும்.

மாற்றிய அமைப்பு மறுநாள் காணோம்

இரண்டு காரணம். விண்டோஸ் பெட்டி என்றால் எழுதுவதைத் தடுக்கும் வடிகட்டி இயங்குகிறது. எல்லா மாற்றமும் நினைவகத்தில் மட்டும் விழும், மறுதொடக்கத்தில் மறையும். நிர்வாகியாக நுழைந்து வடிகட்டியை நிறுத்தி, மறுதொடக்கம் செய்து, மாற்றத்தைச் செய்து, வடிகட்டியை மறுபடி இயக்கி இன்னொரு மறுதொடக்கம். டெல் வைஸ் பெட்டிகளில் இதற்குத் திரையிலேயே ஐகான் உண்டு. கடைசிப் படியை மறக்கிறவர்கள் அதிகம். வடிகட்டி இல்லாத பெட்டி கரண்ட் போய் வரும் ஊரில் நீண்ட நாள் நிற்காது. வடிகட்டிக்கு ஒதுக்கிய நினைவகம் இயல்பாக 1024 மெகாபைட். அது நிரம்பினாலும் பெட்டி திணறும். வாரக்கணக்கில் அணைக்காமல் ஓட்டும் பெட்டி மத்தியானத்தில் படுத்துவிடுவது இதனால்தான். தினமும் ஒருமுறை மறுதொடக்கம் போதும்.

மற்றவை என்றால் மையச் சர்வர் பழைய அமைப்பைத் திரும்ப எழுதுகிறது. வைஸ் பெட்டிகளின் இயங்குதளமான தின்ஓஎஸ்ஸின் பழைய பதிப்புகளில் கோப்புச் சர்வரின் முகவரி டி.எச்.சி.பி. விருப்பம் 161 வழியாக வரும். இகெல் பெட்டிகள் விருப்பம் 224 வழியாக நிர்வாகச் சர்வரைக் கண்டுபிடிக்கும். அங்கே திருத்தாமல் பெட்டியில் திருத்துவது வீண். சர்வரை மாற்றிய பிறகு பெட்டிகள் பழைய முகவரிக்கே போய் நின்றால் இந்த விருப்பங்களில் பழைய எண் இருக்கிறதா பாருங்கள். பெட்டியின் நிர்வாகி பாஸ்வேர்டு தெரியாமல் போய்விட்ட தின்ஓஎஸ்ஸில், பூட்டப்படாமல் இருந்தால், எழும்போது ஜி விசையைத் தொடர்ந்து தட்டினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். அதற்கு முன் இணைப்பு விவரங்களைப் பக்கத்துப் பெட்டியிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை 'நம்பிக்கை உறவு' முறிகிறது

டொமைனில் சேர்த்த விண்டோஸ் பெட்டிகளில் வருவது. ஒவ்வொரு கணினிக்கும் டொமைனில் ரகசியமாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. 30 நாளுக்கு ஒருமுறை அது தானாக மாறும். வடிகட்டி இருப்பதால் புதியது பெட்டியில் பதியாது, சர்வரில் மட்டும் பதியும். மறுதொடக்கம் ஆனதும் இரண்டும் பொருந்தாது. டொமைனிலிருந்து எடுத்து மறுபடி சேர்த்தால் சரியாகும், அடுத்த மாதம் மறுபடி முறியும். வடிகட்டியில் டொமைன் ரகசியத்துக்கும் லைசென்ஸ் பதிவுக்கும் விலக்கு கொடுக்கும் வசதி இருக்கிறது. இரண்டையும் இயக்கிவிட்டு ஒருமுறை சேருங்கள். லைசென்ஸ் விலக்கு இல்லாவிட்டால் பெட்டி ஒவ்வொரு காலையும் புது ஆளாகப் போய் லைசென்ஸ் கேட்கும். மேலே சொன்ன லைசென்ஸ் தட்டுப்பாட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.